தாமதம் உணரப்படவில்லை

இத்தனை வருட வேலையில் நான் எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கைகளில் ஒன்றே ஒன்றைத்தான் நானே திரும்பப் பெற்றிருக்கிறேன். சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சரியாக இருந்த அறிக்கைகளைப் பற்றிப் பேசினால் எனக்குப் பெருமை, உங்களுக்குக் கொட்டாவி.

நான் வேலை பழகியது தொலைபேசித் துறையில். வெளிநாட்டு அழைப்புகள் செயற்கைக்கோளைச் சுற்றிவந்த காலம் அது. இங்கிருந்து ஒருவர் கேட்ட கேள்வி அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர் பொறுமை இழந்து மறுபடியும் கேட்பார். அங்கிருந்து பதில் வரும்போது இவர் பேசிக்கொண்டிருப்பார். இருவரும் சட்டென்று நிறுத்துவார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் "சொல்லுங்க" என்பார்கள். அதைச் சீராக்கும் வேலையிலேயே என் பாதி வாழ்க்கை போனது. அதனால் விருப்ப ஓய்வு பெற்று, திருச்சி தில்லை நகரில் இருந்த இந்த நிறுவனத்தின் கிளையில் சேர்ந்தபோது, தாமதத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்போடுதான் வந்தேன்.

அப்போது நம் சேவை திருச்சிக்குப் புதிது. சென்னையில் இருக்கும் சர்வர் கணினியில் வீடியோ விளையாட்டு ஓடும். வீட்டுக்கு வருவது வெறும் படம். இங்கே ஒருவர் கன்ட்ரோலரில் பொத்தானை அழுத்தினால், அந்த அழுத்தம் சென்னைக்குப் போய், அங்கே கதாநாயகன் கையை ஓங்கி, அந்தப் படம் திரும்பத் திருச்சிக்கு வர வேண்டும். விலை உயர்ந்த கணினி எதுவும் வீட்டில் தேவையில்லை என்பதுதான் நாங்கள் சொல்லி விற்ற விஷயம். அழுத்தத்துக்கும் படத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் நாங்கள் பயந்த விஷயம்.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் சில வீடுகளில் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தோம். முதல் அனுபவம் எப்படி இருக்கிறது என்று அறிக்கை எழுதும் பொறுப்பு என்னுடையது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தாமதத்தின் சராசரி தானாகவே எங்கள் கணினிக்கு வந்துவிடும். எல்லாமே நன்றாக இருந்தன. போதாததற்கு, நானே அலுவலகத்தில் உட்கார்ந்து விளையாடியும் பார்த்தேன். ஒரு பெண் காட்டுக்குள் நடந்துபோய் மூலிகை பறிக்கும் விளையாட்டு அது. அதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று அறிக்கையில் எழுதவில்லை. உங்களிடம் சொல்கிறேன். எனக்கு விளையாடத் தெரிந்தது அது ஒன்றுதான். அந்தப் பெண் மூலிகைக்குக் குனிவதில் ஒரு கண் சிமிட்டல் தாமதம் ஆனால் யாருக்கு என்ன தெரியும்?

"தாமதம் உணரப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் கிளைத் தலைவர் அதைப் படித்துவிட்டு அன்றைக்கே சென்னைத் தலைமையகத்துக்கு அனுப்பினார். அவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை மேடம் என்பார்.

அறிக்கை போன மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு.

"மேடம், அரியமங்கலத்துலேர்ந்து வளர்மதி பேசுறேங்க. உங்க கேம் வீட்டுல போட்டிருக்கு. சண்டை கேம்ல அடி லேட்டா விழுது."

"வைஃபைல விளையாடுறீங்களாம்மா?"

"ஆமாங்க."

"ஒயர் போட்டு விளையாடிப் பாருங்க. சரியாயிடும்."

மூன்று நாள் கழித்து மறுபடியும் அழைத்தார்.

"ஒயர் போட்டாச்சு மேடம். டிவியில கேமுக்குன்னு இருக்கிற மோடும் வச்சாச்சு. இன்னும் லேட்டாதான் விழுது."

அவருடைய வீட்டிலிருந்து வந்த தாமத எண்களை எடுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. தோற்பவர்கள் எல்லாருமே இணைப்பைத்தான் குறை சொல்வார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"உங்க வீட்டு ரிப்போர்ட் என் கையிலதாம்மா இருக்கு. நல்லா இருக்கே."

"ரிப்போர்ட் உங்க கையில இருக்கு மேடம். கன்ட்ரோலர் என் கையில இருக்கு. ஒருவாட்டி வந்து பாருங்களேன்."

அந்தப் பதில் என்னைச் சுட்டது. அவரைத் தவறென்று காட்டிவிட்டு வரவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அந்தச் சனிக்கிழமை மாலை பஸ் ஏறினேன் என்பதையும் மறைக்கவில்லை.

வளர்மதிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தகரப் பட்டறை ஒன்றில் பவர் பிரஸ் இயந்திரத்தில் வேலை. பட்டறை அதே தெருவில் இருந்தது. வேலை முடிந்து வந்து, மாமியார் சீரியல் போடும் வரைக்கும் டிவி அவருடையது.

"இவ சண்டை போடுறதெல்லாம் டிவியிலதாங்க. எனக்கு நிம்மதி" என்று சொல்லி மாமியார் எனக்குக் காபி வைத்தார்.

வளர்மதி விளையாடினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். அவர் கை போன வேகத்தை என் கண்ணால் தொடர முடியவில்லை. ஆறேழு அடி விழுந்த பிறகு, "இதோ, இது" என்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் போனதும் "இதோ" என்றார். அப்போதும் தெரியவில்லை.

"எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கு. கொஞ்சம் தாமதம் இருக்கத்தான் செய்யும். சென்னைக்குப் போயிட்டு வரணும் இல்லையா?"

அவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

"மேடம், செருப்பு போட்டுக்கிட்டு வாங்க. அஞ்சு நிமிஷம்."

பட்டறைக்கு அழைத்துப் போனார். வேலை முடிந்து ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே பட்டறை முதலாளி மட்டும் கால் நீட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வளர்மதி ஒரு பழைய இயந்திரத்தின் முன்னால் நின்றார். காலால் பெடலை மிதித்தால் மேலேயிருந்து இரும்பு இறங்கி, வைத்த தகட்டை வெட்டும்.

"இது பழைய மிஷின் மேடம். மிதிச்சா மெதுவாதான் இறங்கும். ஆனா தினமும் அதே மெது. பதினொரு வருஷமா இதுல கை போடுறேன், பயமே இல்ல. அந்தா, அது புதுசு. படக்குனு இறங்கும். ஒருநாள் அதுல கிளட்ச் சறுக்கி, மிதிச்சதுக்கு அப்புறம் ஒரு நொடி நின்னுட்டு இறங்குச்சு. நான் தகட்டை எடுக்கக் கையை நீட்டிட்டேன்."

வலது கையைத் திருப்பிக் காட்டினார். சுட்டுவிரல் நுனியில் நகம் இருக்க வேண்டிய இடம் வழவழப்பாக இருந்தது.

"ஒரு தடவைதான். மத்த எல்லா அடியும் சரியாதான் விழுந்துச்சு. ஆனா அன்னைக்கே அதை நிறுத்தச் சொல்லிட்டேன். சரி பண்ணதுக்கு அப்புறம்தான் தொட்டேன். மெதுவா இருந்தா கை பழகிக்கும் மேடம். எப்ப லேட் ஆகும்னு தெரியலைன்னா கை எப்படிப் பழகும்?"

செயற்கைக்கோள் வழியே பேசப் பழகியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்தில் அவர்கள் பேசி நிறுத்தி, எண்ணி, பதிலுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொள்வார்கள். தாமதம் சீராக இருந்ததால்தான் அவர்களால் கற்றுக்கொள்ள முடிந்தது. இது எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஒரு பட்டறைக்குள் நின்று கேட்க வேண்டியிருந்தது.

திரும்ப வீட்டுக்கு வந்து அவரை மறுபடி விளையாடச் சொன்னேன். இந்த முறை என் கைபேசியில், மெதுவாக ஓடும் வீடியோவாக, அவர் கட்டைவிரலையும் திரையையும் சேர்த்துப் பிடித்தேன். அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு அழுத்தத்துக்கும், விரல் அமுங்கியதிலிருந்து திரையில் கை ஓங்கும் வரை அந்த வீடியோவில் எத்தனை தனித்தனிப் படங்கள் கடந்தன என்று எண்ணினேன். அடுத்த சில நாட்களில் வேறு நான்கு வீடுகளுக்கும் போய் அதே மாதிரி எண்ணினேன். வியாழக்கிழமை எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்தபோது உண்மை தெரிந்தது.

பெரும்பாலான அடிகள் சரியாக விழுந்தன. பத்தில் ஒன்று தள்ளி விழுந்தது. அதுவும் எப்போது? சண்டை சூடு பிடிக்கும்போது. திரையில் நெருப்பும் புழுதியும் பறக்கும்போது அனுப்ப வேண்டிய படம் பெரிதாகிறது. வீட்டு இணைப்பில் அது வரிசையில் நிற்கிறது. வரிசை நீண்டால் அடி தள்ளி விழுகிறது. மற்ற நேரத்து நல்ல எண்கள் எல்லாம் சேர்ந்து சராசரியில் அதை மூடிவிட்டன. மூலிகை பறிக்கும் பெண்ணின் காட்டில் நெருப்பே பறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தலைவரின் அறைக்குப் போனேன்.

"சார், என் அறிக்கையை நான் திரும்ப வாங்கிக்கணும்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஞாயித்துக்கிழமை டெமோ மேடம். அந்த ரிப்போர்ட்டைக் காட்டித்தான் அவரை வரச் சொல்லியிருக்கேன்."

அவர் என்று சொன்னது, நகரத்தின் பாதி வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் உரிமையாளரை. அவர் சம்மதித்தால் நம் சேவை அத்தனை வீடுகளுக்கும் போகும். சம்மதிக்காவிட்டால் திருச்சிக் கிளையே எதற்கு என்று தலைமையகம் கேட்கும் நிலை. எங்கள் கிளையில் பதினான்கு பேர் இருந்தோம்.

"எத்தனை அடி லேட் ஆகுது?"

"பத்துல ஒண்ணு சார்."

"அப்போ ஒம்பது சரிதானே?"

"எந்த ஒண்ணுன்னு விளையாடுறவங்களுக்குத் தெரியாது சார். ஜெயிக்கிற நேரத்துலதான் அது வருது."

"இப்போதைக்கு என்ன பண்ணலாம்?"

"படத்தோட தரத்தை இறக்கினா வரிசை நீளாது. எல்லா அடியும் ஒரே மாதிரி விழும். ஆனா படம் மங்கும்."

"அந்தப் படத்தைப் பாக்கத்தான் மேடம் அவர் வர்றாரு." மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "டெமோ முடியட்டும். திங்கட்கிழமை பேசிக்கலாம்."

நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இதையும் என் தவறுகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிக்கை தவறானது அறியாமையால். வெள்ளிக்கிழமை நான் தலையாட்டியது அறிந்தே செய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் மணமக்கள் நாற்காலிக்குப் பதிலாகப் பெரிய திரை. "வீட்டுக்குக் குடுக்கிற லைன்லயே காட்டுங்க, ஸ்பெஷல் லைன் எல்லாம் வேணாம்" என்று அந்த உரிமையாளர் முன்பே சொல்லியிருந்தார். விவரமானவர். முன்வரிசையில் தன் ஆட்கள் ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் எங்கள் சோதனை வாடிக்கையாளர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எனக்கு மேடையின் ஓரத்தில் ஒரு மேசை, மடிக்கணினி. படத்தின் தரத்தை ஏற்றி இறக்கும் கட்டுப்பாடு அதில் இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் ரியாஸ் நன்றாக விளையாடுவான். அவனுக்கு எதிராக ஒரு உண்மையான வாடிக்கையாளரை உட்கார வைப்பதாகத் தலைவர் திட்டமிட்டிருந்தார். பட்டியலில் அதிக நேரம் விளையாடியவர் யாரென்று பார்த்து அவரே அழைத்திருந்தார். யாரென்று நான் கேட்கவில்லை. பெயரை அறிவித்தபோது, பச்சைப் புடவையில் வளர்மதி மேடையேறினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மடிக்கணினியின் மேல் குனிந்துகொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. படம் அபாரமாக இருந்தது. முன்வரிசையில் ஒருவர் "சினிமா மாதிரி இருக்கே" என்றார். உரிமையாளர் தலையசைத்தார். தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

இரண்டாவது சுற்றில் சண்டை சூடு பிடித்தது. திரை முழுக்கத் தீப்பொறி. என் மடிக்கணினியில் வரிசை நீள்வது தெரிந்தது. வளர்மதியின் ஆள் அடி வாங்கினான், மறுபடியும் வாங்கினான். மூன்றாவது அடிக்கு அவர் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டார்.

"நான் விளையாடல சார்."

மண்டபத்தில் சலசலப்பு. உரிமையாளர் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, தோத்துடுவோம்னு பயமா?" என்றார்.

"தோத்தா பரவாயில்லங்க. நான் அடிக்கிறப்ப அடி விழுந்து, அப்புறம் தோத்தா அது நான் தோத்தது. இதுல நான் தோக்கல, ஜெயிக்கவும் இல்ல. யாரோ விளையாடுற மாதிரி இருக்கு."

தலைவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சின்ன இணைப்புக் கோளாறு, இதோ சரியாகிவிடும் என்று நான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். நரைத்த தலை, முப்பது வருடத் தொலைபேசி அனுபவம். வளர்மதியின் சொல் ஒரு தோற்றவரின் புலம்பலாகிப் போகும்.

நீங்களும் ஒருநாள் இப்படிப்பட்ட இடத்தில் நிற்பீர்கள். அப்போது யோசிக்க அதிக நேரம் கிடைக்காது. எனக்குக் கிடைத்தது நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் நேரம்தான். அந்த நேரத்தில் கிளையின் பதினான்கு பேரும் நினைவுக்கு வந்தார்கள் என்பது உண்மை. வளர்மதியின் சுட்டுவிரலும் நினைவுக்கு வந்தது.

"அவங்க சொல்றது சரிங்க" என்றேன். மைக் இல்லாமலேயே குரல் பின்வரிசை வரை போனது. "தாமதம் இருக்கு. சண்டை பெருசாகுறப்ப அடி தள்ளி விழுது. இல்லைன்னு ரிப்போர்ட் எழுதினது நான்தான். எழுதினது தப்பு. இப்போ படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கப் போறேன். மறுபடி விளையாடச் சொல்லுங்க. ரெண்டையும் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் தரத்தை இறக்கினேன். திரையில் இருந்த பளபளப்பு போனது. நாயகனின் முகம் மழையில் நனைந்த சுவரொட்டி போல ஆனது. பின்வரிசையில் யாரோ "ஐயய்யே" என்றார்கள். தலைவரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

வளர்மதி கன்ட்ரோலரை எடுத்தார். பொத்தான்களை இரண்டு தடவை சும்மா அழுத்திப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார். "ம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆட்டம். மங்கிய திரையைப் பற்றி முதல் நிமிடத்துக்குப் பின் யாரும் பேசவில்லை. மூன்று சுற்று. கடைசிச் சுற்றில் இருவருக்கும் இன்னும் ஒரே ஒரு அடி தாங்கும் உயிர்தான் பாக்கி. பெண்கள் வரிசையில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ரியாஸ் முந்திக்கொண்டான். வளர்மதி தோற்றார். தோற்றதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"இது நான் தோத்தது மேடம்" என்றார் என்னைப் பார்த்து. "கொஞ்சம் சீக்கிரம் குதிச்சிட்டேன்."

உரிமையாளர் மேடையேறி வந்து தானே கன்ட்ரோலரை வாங்கிப் பார்த்தார். தரத்தை ஏற்றச் சொன்னார், இறக்கச் சொன்னார். பிறகு தலைவரிடம், "படமும் நல்லா இருக்கணும், அடியும் சரியா விழணும். ரெண்டும் ஆன அப்புறம் வாங்க. முதல்ல இந்தம்மா வீட்டுல சரியா ஓடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை.

தலைவர் அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை. காரில் என்னை வீட்டில் இறக்கிவிட்டபோதுகூட வழியைத்தான் கேட்டார்.

திங்கட்கிழமை, அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினேன். நான்கே வரி. நான் சோதித்த விளையாட்டு எது, அது ஏன் போதாது, சராசரி எதை மறைத்தது, முந்தைய முடிவை யாரும் நம்ப வேண்டாம். கையெழுத்துப் போட்டு அவர் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

"நீங்க எதுக்கு சார்? எழுதினது நான்தானே?"

"வெள்ளிக்கிழமை நீங்க சொன்னப்பவே இது போயிருக்கணும் மேடம். நிறுத்தி வச்சது நான்தானே?"

அந்த வாரம் தலைமையகத்திலிருந்து வந்த அழைப்பை அவர் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தார். என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. கிளையை மூடவில்லை. சேவையைத் தொடங்குவதுதான் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் சென்னையில் இருந்த மென்பொருள் குழுவினர், சண்டை சூடு பிடிப்பதை முன்கூட்டியே பார்த்து, வரிசை நீளும் முன்பே படத்தை அளவோடு இறக்கி, அடங்கியதும் ஏற்றும் வழியைக் கண்டுபிடித்தார்கள். எத்தனையோ முறை சரியாகிவிட்டது என்று அனுப்பினார்கள். எத்தனையோ முறை அரியமங்கலத்திலிருந்து "இல்ல மேடம், இன்னும் இல்ல" என்று வந்தது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். எண்களை நம்புங்கள். நான் வாழ்க்கை முழுக்க நம்பியிருக்கிறேன், இனியும் நம்புவேன். ஆனால் "உணரப்படவில்லை" என்று எழுதும் முன், உணராதது யார் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாக விளையாடுகிற ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் குறை சொன்னால் அவர் வீட்டுக்குப் போங்கள். அவரைத் தவறென்று காட்டப் போனாலும் பரவாயில்லை, போங்கள்.

கடைசித் திருத்தம் வந்த சனிக்கிழமை, சாயங்காலம், தெரு முழுக்க எல்லா வீட்டிலும் இணையம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் வளர்மதியின் வீட்டில் இருந்தேன். கைபேசியை வெளியே எடுக்கவில்லை. கதவோரம் நின்று அவர் முகத்தை மட்டும் பார்த்தேன். முதல் ஆட்டத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது ஆட்டத்திலும் இல்லை. திரையில் நெருப்புப் பறந்தது, அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். மூன்றாவது, நான்காவது. மாமியார் காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதில் ஆடை படிந்தது. சீரியல் நேரம் வந்தது, மாமியார் வாயைத் திறந்தார், நான் கையமர்த்தினேன்.

ஐந்தாவது ஆட்டம் முடிந்து திரும்பியவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஐயோ மேடம், இன்னும் நின்னுக்கிட்டா இருக்கீங்க? நீங்க வந்ததையே மறந்துட்டேன். உக்காருங்க, டெஸ்ட்டை எப்ப ஆரம்பிக்கலாம்?"

"ஆரம்பிச்சு முடிச்சாச்சும்மா" என்றேன். ரிமோட்டை எடுத்து மாமியார் கையில் கொடுத்துவிட்டு, ஆறிப்போன அந்தக் காபியை நானே எடுத்துக் குடித்தேன்.